ரேடியோ அக்கா வாயை மூடிய கதை

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஐந்து கடைகள். நடுவில் இருப்பது என் ஜெராக்ஸ் கடை. அதற்கு வலப்பக்கம் துணி ஆல்டரேஷன் கடை. இரண்டுக்கும் இடையில் சுவர் இருப்பதாக வாடகை ஒப்பந்தம் சொல்கிறது. உண்மையில் அது ஓர் ஆள் உயரப் பிளைவுட் பலகை. அந்தப் பலகை வழியாகத்தான் பக்கத்துக் கடை அக்காவின் வாழ்க்கை வரலாறு பதினான்கு வருடங்களாக எனக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. அவளுடைய நாத்தனார் சமையலறைக்கு மூன்றாவது தடவை டைல்ஸ் மாற்றியது, கணவருடைய எந்தக் காலில் ஆணி, பள்ளியில் அவளுடைய பென்சிலைத் திருடியவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. அவள் நிறுத்தியதுமில்லை.

தெருவில் அவளுக்குப் பெயர் ரேடியோ அக்கா. அவளுக்கும் அது தெரியும். "ரேடியோன்னா நடுவுல விளம்பரம் வருமே, எனக்கு அதுகூடக் கிடையாது" என்று பெருமையாகச் சொல்வாள். அவள் தையலே பேச்சில்தான் ஓடியது. வாய் ஓடினால் மிஷின் மிதிக்கிற காலும் ஓடும், வாய் நின்றால் காலும் நின்றுவிடும். பேண்ட் சுருக்கக் கொடுத்தவர்கள் சீக்கிரம் வேண்டும் என்றால் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கணவர் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவது அவர் வேலை. வீட்டில் அவரைக் காப்பாற்றத்தான் ஆளில்லை.

ஒரு நாள் மத்தியானம் தெரு முனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு அக்கா கடைக்கு வந்தாள். கூட வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். பதினான்கு வயதிருக்கும். தலையில் காதுகளை முழுக்க மூடுகிற பெரிய காதுக்கவசம். மேலே அவளுடைய அப்பாவின் பழைய பனியன், முழங்கால் வரைக்கும் தொங்கியது.

அம்மா பையிலிருந்து ஒரு மஞ்சள் டீ-ஷர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வழியாக மருந்துக்கடை அம்மாவின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"ஏம்மா, இதுல சட்டையைவிட ஓட்டைதான் அதிகமா இருக்கு! இதைப் போய் யாராவது தைப்பாங்களா? புதுசு ஒண்ணு வாங்கிக் குடேன். நாலு நாள் அழுவா, அஞ்சாவது நாள் போட்டுப்பா. எங்க நாத்தனார் பொண்ணும் இப்படித்தான், ஒரே செருப்பைப் போட்டுட்டு…"

"நாலு வருஷமா இவ போடற ஒரே சட்டை இதுதாங்கா" என்று அம்மா குறுக்கே புகுந்தாள். அக்காவின் பேச்சில் குறுக்கே புகுவது ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. ஆனால் இந்த அம்மாவுக்குப் பழக்கம் இருந்தது. "ஒரே மாதிரி மூணு வாங்கினேன். ரெண்டு கிழிஞ்சு போச்சு. இது கடைசி. இப்ப அந்தக் கம்பெனியே இதைத் தயாரிக்கறதில்லையாம். ஸ்கூல்லகூட யூனிபார்முக்குப் பதிலா இதுக்கு அனுமதி கொடுத்திருக்காங்க. ஒன்பது நாளா ஸ்கூலுக்குப் போகல. வேற எதைப் போட்டாலும் உடம்பெல்லாம் எரியுதுன்னு கழட்டிடறா. அடம் இல்லக்கா. இவளுக்கு ஆட்டிசம். துணி, சத்தம், வெளிச்சம் எல்லாம் நமக்குத் தெரியறதைவிட இவளுக்குப் பல மடங்கு தெரியும். அவங்க அப்பா பனியன் தெரு முனை வரைக்கும்தான் தாங்கும். ஸ்கூல் வரைக்கும் தாங்காது."

அக்கா ஒரு நொடி யோசித்தாள். பிறகு வரிசையாக யோசனை சொல்ல ஆரம்பித்தாள். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாயா, செல்போனைப் பிடுங்கி வைத்தாயா, வெயிலில் நிற்க வைத்தாயா என்று ஆறு யோசனை. மருந்துக்கடை அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டு அலுத்த தலையாட்டல் அது. பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அது தெரிந்தது.

வாசலில் நின்ற பெண் காதுக்கவசத்தை ஒரு பக்கம் மட்டும் தூக்கினாள். "நீங்க பேசறது நின்னா நான் உள்ள வரேன்."

"நிறுத்திட்டேன்மா. பாரு, நிறுத்திட்டேன். இனிமே ஒரு வார்த்தை வராது. எங்க மாமாகூட அப்படித்தான்…"

"பத்து வார்த்தை வந்துடுச்சு" என்றாள் அவள், கோபமே இல்லாமல், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி.

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள். நான்கு நொடி தாங்கியிருப்பாள். முகம் சிவந்து, கன்னம் உப்பி, கடைசியில் "அளவு எடுக்கணுமே!" என்று வெடித்தாள். பெண் காதுக்கவசத்தை இறக்கிவிட்டு நடையைக் கட்டினாள். அம்மா சட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு சாதாரண பனியன் துணி சட்டை. இதைத் தைக்கத் தெரியலன்னா நான் எதுக்குக் கடை வெச்சிருக்கேன்?" என்று பலகையைப் பார்த்துக் கேட்டாள். அதே மஞ்சளில் துணி வாங்கி, பழைய சட்டையை மேலே வைத்து வெட்டி, வளர்ந்த உயரத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டி, அன்று சாயங்காலமே தைத்து முடித்தாள். மறுநாள் அந்தப் பெண் வந்து வாசலில் நின்றபடியே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது வேற."

"எது வேற? அதே கலர், அதே அளவு…"

"இது கத்துது."

அவர்கள் போன பிறகு அக்கா சட்டையோடு என் கடைக்கு வந்தாள். "சட்டை கத்துதாம்! நான் காதுல வெச்சுப் பார்த்துட்டேன், ஒரு சத்தமும் இல்ல. நீ கேளு." நான் கேட்டேன். ஆதார் நகல் எடுக்க வந்து நின்ற இரண்டு பேரையும் கேட்க வைத்தாள். அதில் ஒருவர் ஏதோ லேசாகக் கேட்பதாகச் சொன்னார். அது அவருடைய செல்போன்.

புதுத் துணியின் மொடமொடப்புதான் கோளாறு என்று அக்கா முடிவு செய்தாள். முப்பது தடவை துவைத்தால் நாலு வருஷப் பழசாகிவிடும் என்பது அவள் கணக்கு. வீட்டு வாஷிங் மிஷினில் போட்டாள். சட்டை மட்டும் தனியாகச் சுற்றுவானேன் என்று மற்றத் துணிகளையும் கூடவே போட்டாள். இருபத்திரண்டாவது தடவை மிஷின் ஒரு முறை குதித்து நின்றது. அதற்குள் அந்த வீட்டில் வெள்ளை என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. தலையணை உறை, துண்டு, மெக்கானிக்கின் வேலைச் சட்டை எல்லாம் மஞ்சள். அவர் அதைப் போட்டுக்கொண்டே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு லிப்ட் பார்க்கப் போக, அங்கே ஒரு நர்ஸ் அவரைப் பிடித்து உட்கார வைத்து மஞ்சள் காமாலைப் பிரிவு எந்த மாடி என்று வழி சொன்னாளாம்.

இந்தத் தடவை அந்தப் பெண் முழு உள்ளங்கையால் தொட்டாள். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். நான்கு நிமிடம் போட்டிருந்தாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள்.

"கத்தறது குறைஞ்சிருக்கு. ஆனா தோள்ல எறும்பு ஓடுது."

"எறும்பா? எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நானும் இதே மாதிரி சட்டைதான் போட்டிருக்கேன். ஒரு நாளும் எறும்பு கிறும்பு…"

பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பேசிட்டே இருக்கீங்க. அதனால உங்களுக்குத் தெரியல. ஒரு நாள் பேசாம இருந்து பாருங்க. தெரியும்."

மறுநாள் காலை நான் கடையைத் திறந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதிசயமாக, வாய் ஓடாமலே மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவைப் பூட்டக்கூட மறந்து ஓடினேன். அக்கா நல்லபடியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். உதடுகளுக்கு நடுவில் வரிசையாக ஆறு குண்டூசி. வாயைத் திறந்தால் ஊசி விழும், விழுந்தால் குனிந்து பொறுக்க வேண்டும், இடுப்பு வலிக்கும். அவளைப் பேசாமல் வைக்க உலகத்தில் இருந்த ஒரே வழியை அவளே கண்டுபிடித்திருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பேப்பரில் 'இடது தோள். அரிக்குது' என்று எழுதிக் காட்டினாள்.

பதினொரு மணிக்குள் அந்தத் தாள் நிரம்பிவிட்டது. கழுத்துப் பட்டையில் லேபிள் குத்துகிறது. தோளில் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போட்ட இடம் கயிறு மாதிரி மேடாக இருக்கிறது. பக்கவாட்டில் துவைக்கும் முறை எழுதிய இன்னொரு லேபிள். நைலான் நூலின் முனை ஒன்று முள் மாதிரி. நாற்பத்தெட்டு வருடமாகத் துணி போட்டு, அதில் முப்பது வருடம் துணி தைத்தும், உடம்பு இத்தனை புகார் கொடுத்துக்கொண்டிருந்ததை அவள் கேட்டதே இல்லை. நடுவில் அவளே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் வெறி பிடித்துவிட்டது. தன் துணிகளில் இருந்த லேபிளை எல்லாம் வெட்டினாள். பிறகு கத்திரிக்கோலோடு என் பக்கம் வந்தாள். வாய் நிறைய ஊசியோடு, கையில் கத்திரியோடு ஒருத்தி பின்னாலிருந்து காலரைப் பிடித்தால் யாருக்கும் உயிர் போய்த் திரும்பும். ஒரு 'கிறீச்'. என் கழுத்து லேபிள் அவள் கையில். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அந்த லேபிள் என்னைக் குத்திக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்ததாக அவள் திரைக்குப் பின்னால் போய்த் தன் சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். தையல் மேடெல்லாம் வெளியே. தோளைக் குலுக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதே கோலத்தில் பேங்குக்குக் கிளம்பிவிட்டாள், வாயிலிருந்து ஊசியை எடுக்க மறந்து. வழியில் ஏழு பேர் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பேங்க் வாசலில் காவலாளி சொன்னார். அவள் ஒரு சலான் தாளில் 'தெரியும்' என்று எழுதி நீட்டினாள். வாயில் ஊசி, திருப்பிப் போட்ட சட்டை, பதில் பேசாத ரேடியோ அக்கா. காவலாளி பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட, மேனேஜர் தண்ணீர் கொடுத்து, மெதுவாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி, "வீட்டுல யாருக்காவது போன் பண்ணட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கணவருக்குப் போன் போனது. உங்கள் மனைவி பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்கள் சொன்னதும், "எவ்வளவு நேரமா?" என்று கேட்டாராம். பதற்றமாகக் கேட்டாரா, ஆசையாகக் கேட்டாரா என்று மேனேஜருக்குப் புரியவில்லை.

அடுத்த சட்டை இப்படித்தான் பிறந்தது. பழசாகி மெத்தென்று ஆன துணி, பருத்தி நூல், லேபிள் கிடையாது. தையல் எல்லாம் வெளிப்பக்கம். உடம்பில் படுகிற பக்கம் வழவழவென்று ஒரு மேடு பள்ளம் இல்லாமல்.

அன்றைக்கு அக்கா ஊசியோடு தயாராக இருந்தாள். கடையின் டியூப்லைட்டையும் அணைத்திருந்தாள். பெண் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு முதல் தடவையாகத் தயங்காமல் உள்ளே வந்தாள். போட்டுக்கொண்டாள். கையைத் தூக்கினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். சுவரில் தோளைத் தேய்த்தாள். கடை ஓரமாக இரண்டு சுற்று நடந்தாள். ஆறு நிமிடம் ஆனது.

"இது பேசல" என்றாள்.

மருந்துக்கடை அம்மா கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவின் முகத்தில் நூறு வார்த்தை முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றையும் விடவில்லை. ஐந்து விரலைக் காட்டினாள், ஐந்து தைத்துத் தருவதாக.

"ஏழு வேணும்" என்றாள் பெண். "சனி, ஞாயிறு உடம்பைக் கழட்டி வைக்க முடியாது."

அவள் பள்ளிக்குத் திரும்பினாள். முதல் நாளே டீச்சர் சட்டை திருப்பிப் போடப்பட்டிருக்கிறது என்று சொல்ல, "இல்ல டீச்சர், நீங்க எல்லாரும்தான் திருப்பிப் போட்டிருக்கீங்க. முள்ளை உள்ள வெச்சு" என்றாளாம். அன்று மாலை அந்த டீச்சர் என் கடையைத் தாண்டி அக்கா கடைக்குப் போவதைப் பார்த்தேன். கையில் இரண்டு சட்டை.

மருந்துக்கடை அம்மா இதைத் தன்னைப் போன்ற பெற்றோர் கூடுகிற இடத்தில் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு பஸ் டிரைவர் தன் ஆறு வயது மகனைக் கூட்டிவந்தார். பையனுக்குப் பேண்டில் பதினொரு பாக்கெட் வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல். பாக்கெட் பத்தானால் ஒரு கல் வீடில்லாமல் நிற்கும், அன்று முழுக்க அழுகை. அக்கா உற்சாகத்தில் பன்னிரண்டு தைத்துவிட்டாள். பையன் காலிப் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்து, அதைவிடப் பெரிய குரலில் அழுதான். டிரைவர் தெருவுக்கு ஓடி ஒரு கல் பொறுக்கிவந்தார். அது சரியான கல் இல்லை. கடைசியில் அக்கா பன்னிரண்டாவதைப் பிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை இவர்களுக்கு மட்டும் என்று ஆனது. அதற்கு மஞ்சள் சட்டைக்காரி ஒரு தாளில் அறிவிப்பு எழுதித் தந்தாள். நான்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். பேச்சு கிடையாது, டியூப்லைட் கிடையாது, தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், இஸ்திரிப் பெட்டி நீராவி விடுவதற்கு முன்னால் எச்சரிக்கையாகக் கையைத் தூக்க வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். கடைசி வரி அவளுடைய அம்மா சொல்லி எழுதியது: 'யாரும் யோசனை சொல்லக் கூடாது.' அதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

செவ்வாய்க்கிழமை பேசாத பேச்சு எங்கே போகும்? புதன்கிழமை காலையில் வட்டியோடு வந்தது. மெக்கானிக் புதன்கிழமைகளில் கேட்காமலே ஓவர்டைம் எடுக்க ஆரம்பித்தார். ஆனால் செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கே வந்துவிடுவார். ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு, சும்மா மனைவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில்கூட அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று அக்காவே புதன்கிழமை சொன்னாள். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாள். "அந்த அம்மாங்க எழுதிக் காட்டறதைப் பார்த்தா அழுகையா வருது. அவங்களை யாரும் ஒண்ணுமே கேட்டதில்ல போல. எல்லாரும் சொல்லிட்டே இருந்திருக்காங்க. ஆறு யோசனை சொன்னேனே, எனக்கே அசிங்கமா இருக்கு." நான் பதில் சொல்வதற்குள் நாத்தனார் வீட்டு டைல்ஸுக்குப் போய்விட்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். மஞ்சள் சட்டைக்காரிக்குக் கை நீளம் கூட்ட வந்திருந்தார்கள். மருந்துக்கடை அம்மா பனியன் துணிக் குவியல் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். அடுத்த நிமிடம் தூங்கிப்போனாள். அக்கா மிஷினை நிறுத்தினாள். சுருட்டிய காகிதம் ஒன்று பலகைக்கு மேலே பறந்து என் தலையில் வந்து விழுந்தது: 'ஜெராக்ஸை நிறுத்து.' நாற்பது பக்கத்தோடு நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரி ஆசிரியரிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழட்டி, சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவின் செல்போன் அதிர்ந்தது. மருந்துக்கடையிலிருந்து. மகள் எடுத்தாள். மெல்லிய குரலில், "அம்மா தூங்கறாங்க. எழுப்ப முடியாது. இருமல் மருந்துதானே? மூணாவது தட்டு, இடது பக்கம், நீல மூடி" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்கு முன்னால் ஒரு வருடமாக அவள் யாரிடமும் போனில் பேசியதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அம்மா கண் விழித்தபோது கன்னத்தில் குவியலில் கிடந்த ஒரு பொத்தானின் அச்சு, நான்கு ஓட்டையோடு. சுற்றிலும் டிரைவர், அவர் மகன், மெக்கானிக், அக்கா, பலகைக்கு மேலே நானும் ஆசிரியரும். பதறி எழுந்தாள்.

"ஐயோ, எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"ஒரு மணி நாற்பத்தி ரெண்டு நிமிஷம்" என்றாள் மகள். "குறட்டை பதினேழு."

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசியெல்லாம் தரையில் சிதறின. அவற்றைப் பொறுக்க எல்லோரும் மண்டியிட, அம்மாவும் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரிடம் என்று தெரியாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களுக்குத் தைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு மணிக்குச் சரியாக வந்தார்கள். மகள் ஒரு கணக்குப் புத்தகத்தோடு வந்தாள். அம்மா ஒரு தலையணையோடு வந்தாள்.